ஒரே மெஷின், ரெண்டு இடுப்பு

வலிக்கு கரண்ட் வைப்பது ஏதோ நேற்று வந்த ஆன்லைன் சமாச்சாரம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. கி.பி. முதல் நூற்றாண்டிலேயே ஸ்கிரிபோனியஸ் லார்கஸ் என்ற ரோமாபுரி வைத்தியர், கால் வீங்கி வலிக்கும் கவுட் நோயாளியைக் கடற்கரை ஈரமணலில் உயிரோடு இருக்கும் மின்திருக்கை மீன் மேல் நிற்கச் சொல்லி எழுதி வைத்திருக்கிறார். முழங்கால் வரை மரத்துப்போகும்வரை நிற்க வேண்டுமாம். பேட்டரி, வயர் இல்லாத மெஷின் :-)

இதைத் தோண்ட ஒரு காரணம் உண்டு. எங்கள் குடும்பம் கேரள எல்லையில் இரண்டாகக் கிடக்கிறது. பெரியம்மா பாலக்காடு மாவட்டம் சித்தூர் பக்கம். அத்தை இடுக்கி மாவட்டம் தேவிகுளம் பக்கம், எஸ்டேட்டில் கொழுந்து பறித்து ரிட்டயர் ஆனவர். இருவருக்கும் இடுப்புவலி. நான் வேலை பார்க்கும் மினியாபோலிஸிலிருந்து ஒரே மாதிரி இரண்டு டென்ஸ் மெஷின் வாங்கி அனுப்பினேன். தோலில் பேட் ஒட்டி, பெல்ட்டில் மாட்டிக்கொள்ளும் சின்ன பேட்டரிக் கருவி.

பெரியம்மா, "நல்லாக் கேக்குது கண்ணு" என்றார். அத்தை, "எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு, அவ்வளவுதாம்ப்பா" என்றார். உடனே குடும்பத்தில் தீர்ப்பும் வந்தது: அவளுக்கு எல்லாம் மனசுலதான்!

தீர்ப்பு இருக்கட்டும். முதலில் மெஷினின் ஜாதகத்தைப் பார்ப்போம்.

1919ல் சார்லஸ் வில்லி கென்ட் என்ற அமெரிக்கர் 'எலக்ட்ரீட்' என்ற கைக்கருவிக்குக் காப்புரிமை வாங்கினார். கருவி விற்றது, ஆனால் அது எப்படி வேலை செய்கிறது என்பதற்கு விளக்கம் இல்லை. 1965ல் ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் இருவரும் 'சயின்ஸ்' இதழில் ஒரு கருத்தை வைத்தார்கள். தண்டுவடத்தில் வலிக்கு ஒரு கதவு மாதிரி ஏற்பாடு இருக்கிறது. தொடுதலைக் கொண்டுபோகும் தடித்த நரம்புகள் சுறுசுறுப்பானால் அந்தக் கதவு ஒருக்களிக்கும். இடித்துக்கொண்ட இடத்தைத் தேய்த்துவிட்டால் சுகமாக இருக்கிறதே, அதேதான்.

1967ல் வாலும் வில்லியம் ஸ்வீட்டும் இதை 8 நோயாளிகளிடம் சோதித்தார்கள். 2 நிமிடம் கரண்ட் கொடுத்ததில் அரை மணிக்கு மேல் வலி விட்டது 4 பேருக்கு. ஆக, ஆள் பார்த்து வேலை செய்யும் குணம் முதல் நாளிலிருந்தே இதற்கு உண்டு. அதே சமயத்தில் நார்மன் ஷீலி என்ற அறுவை மருத்துவர் முதுகுத்தண்டில் கருவி பதிக்க ஆரம்பித்தார். அறுவைக்கு முன், யாருக்குக் கரண்ட் கேட்கும் என்று பார்க்கத் தோல் மேலேயே வைத்துச் சோதித்தார்கள். சிலருக்கு அதுவே போதுமானதாக இருந்தது! இன்றைய டென்ஸ் பிறந்த கதை இது. ஆட்களைப் பிரித்துப் பார்க்க வந்த சல்லடை, பிறகுதான் வைத்தியம் ஆனது.

பிற்பாடு வந்த ஆய்வுகளும் இழுபறிதான். 1990ல் நாள்பட்ட இடுப்புவலிக்காரர்கள் 145 பேரை வைத்து நடந்த ஆய்வு, போலிக் கருவியைவிட இது மேல் இல்லை என்றது. 2020ல் ஃபைப்ரோமயால்ஜியா உள்ள பெண்களிடம் நடந்த ஆய்வில், அசையும்போது வரும் வலி 30 சதவீதமாவது குறைந்தவர்கள் 44 சதவீதம். போலிக் கருவி வைத்தவர்களில் 22, எதுவும் வைக்காதவர்களில் 14.

ஏன் இந்த வித்தியாசம்? முதலில் அளவு. உறைக்கிற மாதிரி, ஆனால் வலிக்காத அளவுக்கு ஏற்ற வேண்டும். வெறும் குறுகுறுப்பு பல சமயம் போதாது. அடுத்து மருந்து. டென்ஸ், உடம்பின் சொந்த அபின் போன்ற பொருட்களை வைத்தும் வேலை செய்கிறது. டிரமடால், மார்ஃபின் வகை மாத்திரை சாப்பிடுபவர்களுக்குக் குறைந்த அதிர்வெண் சரியாகக் கேட்காமல் போகலாம். தினமும் ஒரே செட்டிங்கில் வைத்தால் உடம்பு பழகிவிடும். பேட் காய்ந்தால் கரண்ட் சீராகப் பாயாது. நம்பிக்கைக்கும் பங்கு உண்டு. அதுவும் மூளையில் நிஜமாக நடக்கிற வேலைதான்.

காபி டென்ஸின் பலனைக் குறைக்கிறது என்று 1995ல் ஒரு சிறு ஆய்வு வந்தது. அப்படிப் பார்த்தால் நாளுக்கு நாலு டம்ளர் ஃபில்டர் காபி குடிக்கும் பெரியம்மாவுக்குத்தான் கேட்டிருக்கக் கூடாது! ஒரே காரணத்தை வைத்து யாரையும் அளக்க முடியாது.

அத்தையிடம் போனில் விசாரித்தேன். ஷாக் அடிக்கும் என்று பயந்து அளவை ஒன்றிலேயே வைத்திருந்தார். டாக்டர் எழுதிய டிரமடாலும் ஓடிக்கொண்டிருந்தது. டாக்டரைக் கேட்டு, அதிர்வெண்ணையும் அளவையும் கூட்டியபின் நடக்கும்போது கொஞ்சம் தேவலை என்கிறார். உட்கார்ந்தால் பழைய வலிதான். (பேஸ்மேக்கர் இருப்பவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடவே வேண்டாம்.)

2015 செப்டம்பரில் மூணாறு பெண் தொழிலாளர்கள் 20 சதவீத போனஸ் கேட்டு ரோட்டில் உட்கார்ந்தது நினைவிருக்கும். மலைச்சரிவில் நாள் முழுக்க நின்று, மூட்டை சுமந்து தேய்ந்த உடம்புகள் அவை. அந்த மலையில் ஒரு பெண் வலி என்று சொன்னால், "வேலைக்கு டிமிக்கி" என்று முடித்துவிடுவது எளிதாக இருந்திருக்கிறது. கரண்ட் கேட்கவில்லை என்பதை வைத்து வலியே இல்லை என்று சொல்வதும் அதே பழக்கம்தான். வலியை அளக்க இந்த மெஷினில் முள் எதுவும் கிடையாது. வலிக்கிறவர் வாய்ச்சொல்தான் ஒரே மீட்டர்.