கடனா, களவா?

1977இல் வெளிவந்த 'ஸ்டார் வோர்ஸ்' படத்தின் தலைப்பிசை, 1942இல் வெளிவந்த 'கிங்ஸ் றோ' படத்திற்கு எரிக் கோர்ண்கோல்ட் அமைத்த இசையை ஒத்திருக்கின்றதென்பது திரையிசை ஆர்வலரிடையே ஓயாத வழக்கு. ஜோன் வில்லியம்ஸைக் களவாளியென்போர், இயக்குநர் ஜோர்ஜ் லூக்காஸ் வேண்டியதே பழைய ஹொலிவூட்டின் பேரிசையைத்தான் என்பதை மறந்துவிடுகின்றனர்.

அப்பேரிசையும் ஹொலிவூட்டிற் பிறந்ததன்று. வியன்னாவின் இசைநாடக அரங்குகளிற் புகழீட்டிய யூதர் கோர்ண்கோல்ட். 1938இல் 'றொபின் ஹூட்' படத்திற்கு இசையமைக்க அவர் அமெரிக்கா சென்றிருந்தவேளை ஹிட்லர் ஒஸ்ரியாவைக் கைப்பற்றினான். திரும்பும் வழி அடைபட்டது. அப்படமே தம்முயிரைக் காத்ததென அவர் பின்னர் கூறினார். அவ்விசைக்கு ஒஸ்கார் விருதும் கிடைத்தது.

எனினும், 1947இல் அரங்கேறிய தமது வயலின் கொன்சேர்ட்டோவில் தம் படமெட்டுக்களையே அவர் எடுத்தாண்டபோது, நியூயோர்க் விமர்சகர் ஒருவர் அதனை ஹொலிவூட் சரக்கென்றே ஒதுக்கினார். ஹொலிவூட்டுக்கு அக்குரலை வழங்கியவரே அவர்! 1957இல் கோர்ண்கோல்ட் மறைந்தார். 'ஸ்டார் வோர்ஸ்' வருவதற்கு அப்போது இருபதாண்டுகள் இருந்தன.