நாற்பதாம் அகவையில் திரையேறிய சத்தியன்

பாறசாலையில் இரயில் ஏறித் திருவனந்தபுரம் செல்லும் நம் காலனி அன்பர்கள் நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் ஆகிய ஊர்களைக் கடந்து நேமத்தை அடைகின்றனர். அந்த நேமத்தில்தான் திரு. பி. சுப்பிரமணியம் 1951ஆம் ஆண்டில் மெரிலாண்டு படப்பிடிப்பு நிலையத்தை நிறுவினார். இவ்வழியே இருப்புப்பாதை அமைந்தது 1979இல். அதற்கு இருபத்தேழு ஆண்டுகள் முன்பே, நாற்பது வயதை எட்டிய ஒருவர், பார்த்து வந்த உத்தியோகத்தைத் துறந்து அந்நிலையத்தில் நடிகரானார். அவரே மலையாளத் திரையுலகின் ஒப்பற்ற நடிகர் சத்தியன்.

மானுவேல் சத்தியநேசன் என்பது அவரது இயற்பெயர். திருவனந்தபுரத்தை அடுத்த ஆறாமடையில் 1912ஆம் ஆண்டு நவம்பர் 9ஆம் நாள் பிறந்தார். வித்துவான் தேர்வில் தேறி, பள்ளி ஆசிரியராகப் பணியாற்றினார். பின்னர் தலைமைச் செயலகத்தில் எழுத்தரானார். அதன்பின் இராணுவத்திற் சேர்ந்து, இரண்டாம் உலகப் போரின்போது மணிப்பூர் முனையில் இருந்தார். போர் முடிந்ததும் திருவிதாங்கூர்க் காவல் துறையிற் புகுந்தார். புன்னப்புரை, வயலார் எழுச்சியால் நாடு கொந்தளித்த காலத்தில், ஆலப்புழையில் காவல் அதிகாரியாக விளங்கினார்.

இடையே நாடக மேடையும் அவரை ஈர்த்தது. 1951இல் 'தியாகசீமை' என்ற படத்தில் நடித்தார். அப்படம் வெளிவரவே இல்லை. முதல் முயற்சி வீணாயிற்று என்று அவர் திரும்பிவிடவில்லை. மறு ஆண்டே மெரிலாண்டின் 'ஆத்மசகி' வாயிலாக மக்கள் முன் தோன்றினார். கதாநாயகனுக்குரிய சிவந்த மேனியோ நெடிய உருவமோ அவரிடம் இல்லை. இருந்தவை, பல உத்தியோகங்களில் மனிதரைக் கண்டறிந்த அனுபவமும், வீண் ஆரவாரமற்ற நடிப்புமே.

1954இல் வெளியான 'நீலக்குயில்' அவரை நிலைநிறுத்தியது. தாழ்த்தப்பட்ட குலப் பெண்ணைக் காதலித்து, ஊருக்கு அஞ்சிக் கைவிடும் பள்ளி ஆசிரியராக அதில் நடித்தார். பி. பாஸ்கரனும் ராமு காரியாட்டும் இணைந்து இயக்கிய அப்படம், குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் பெற்றது. ஒரு காலத்தில் தாமே வகுப்பறையில் நின்றவர் அல்லரோ! அந்த ஆசிரியரின் கோழைத்தனத்தையும் மனவேதனையையும் அவர் மிகைப்படுத்தாமற் காட்டினார்.

1965ஆம் ஆண்டு அவருக்குப் பொன்னாண்டு. 'ஓடையில் நின்னு' படத்தில் ரிக்‌ஷா இழுக்கும் பப்புவாக வாழ்ந்தார். தகழியின் நாவலைத் தழுவிய 'செம்மீன்' படத்தில், முருகன் மலையின் பெயரைத் தாங்கிய பழனி என்னும் மீனவரானார். அப்படம் குடியரசுத் தலைவரின் தங்கப் பதக்கத்தைத் தென்னாட்டிற்கு முதன்முறையாக ஈட்டித் தந்தது. 1956 நவம்பர் 1ஆம் நாள் விளவங்கோடு சென்னை மாநிலத்தோடும், நெய்யாற்றின்கரை கேரளத்தோடும் அமைந்தன. ஆயினும் எல்லையின் இரு புறத்து மக்களும் பழனிக்காகக் கண்ணீர் விட்டனர். கடலை நம்பி வாழும் குடும்பத்தின் துயருக்கு மொழி தடையாகுமோ?

கேரள அரசின் திரைப்பட விருதுகள் தொடங்கிய 1969இல், 'கடல்பாலம்' படத்தில் தந்தையும் மகனுமாக இரு வேடம் ஏற்றமைக்காக முதல் சிறந்த நடிகர் விருது அவருக்கே கிடைத்தது. அதற்குள் இரத்தப் புற்றுநோய் அவர் உடலைப் பற்றிக்கொண்டது. நோயை அறிந்த பின்னும் அவர் படப்பிடிப்பை நிறுத்தவில்லை. 1971 ஜூன் 15ஆம் நாள் சென்னையில் உயிர் நீத்தார். 'கரகாணாக் கடல்' படத்திற்காக அவர் மறைந்த பின்னும் மாநில விருது அவரைத் தேடி வந்தது.

அவர் மறைவுக்குப் பின் வெளிவந்த படங்களுள் ஒன்று 'அனுபவங்கள் பாளிச்சகள்'. அதில் காவலர்க்கு அஞ்சித் தலைமறைவாகத் திரியும் பொதுவுடைமைத் தொழிலாளி செல்லப்பனாக நடித்தார். ஆலப்புழையில் காக்கி உடை அணிந்து நின்றவர், துரத்தப்படும் தொழிலாளியின் நெஞ்சுக்குள்ளும் புகுந்து பார்த்தார். காவலராக இருந்த ஆண்டுகள் கலைக்கு வீணாகவில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை. அதே படத்தின் ஒரு காட்சியில், பெயரறியாத இளைஞராகத் தலைகாட்டியவர் பின்னாளில் புகழ்பெற்ற மம்மூட்டி.

மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்தி, இரயில்வே அலுவலகத்தில் ஏடுகளைப் புரட்டும் எழுத்தன் யான். வயது நாற்பத்து நான்கு. இலாகாத் தேர்வு எழுத இருமுறை எண்ணி, "இனி எதற்கு?" என்று விட்டுவிட்டேன். நாற்பதில் தொடங்கி, எஞ்சிய பத்தொன்பது ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ 150 படங்களில் நடித்த சத்தியனின் வரலாற்றைப் படித்த பின், அந்த விடையில் எனக்கு நம்பிக்கை போயிற்று. இவ்வாண்டு விண்ணப்பம் அனுப்பியுள்ளேன். தேறுவேனோ அறியேன். நம் காலனியில் காலம் கடந்துவிட்டது என்று ஏங்கும் அண்ணன்மாரும் அக்காமாரும், அடுத்த முறை நேமத்தைக் கடக்கையில் அந்த நாற்பது வயது மனிதரை ஒரு கணம் நினைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.