இளம் அல்பினோ தவளைக்கு வெளிச்சமும் தீனியும்

கனடா ஸ்கார்பரோவில் இருக்கும் அக்காவின் மகனுக்குப் பத்து வயது. கடந்த பனிக்காலத்தில் அவனுக்கு ஒரு தவளை வாங்கிக் கொடுத்திருந்தார்கள். ஒரு நாள் வீடியோ அழைப்பில், "சின்னம்மா, அது சாப்பிடுதில்லை" என்றான். தொலைபேசியைக் கண்ணாடித் தொட்டிப் பக்கம் திருப்பச் சொன்னேன். மேலே வெள்ளை மின்குமிழ் ஒன்று பளீரென்று எரிந்துகொண்டிருந்தது. இரவிலும் அதை அணைப்பதில்லையாம். இருட்டில் தவளை பயந்துவிடும் என்று அவன் நினைத்திருக்கிறான்.

அவனுக்காகத் தேடி வாசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். இப்படியொரு தவளை புலம்பெயர்ந்த உங்கள் உறவினர் வீட்டிலும் இருக்கக்கூடும்.

அவனிடம் இருப்பது கிரான்வெல் கொம்புத் தவளை. ஆர்ஜென்டினா, பொலிவியா, பராகுவே நாடுகளில் பரந்திருக்கும் கிரான் சாக்கோ என்ற வறண்ட நிலப்பகுதிதான் இதன் தாயகம். வாய் மிகப் பெரிது என்பதால் பழைய வீடியோ விளையாட்டின் பெயரால் 'பக்மான் தவளை' என்கிறார்கள். அல்பினோ என்றாலும் இது வெள்ளை நிறமல்ல. கறுப்பு நிறமியான மெலனின்தான் இல்லை. மஞ்சளும் செம்மஞ்சளும் அப்படியே இருக்கின்றன. கண்கள் சிவப்பாகத் தெரியும்.

பிரச்சினை அந்தக் கண்களில்தான். கண்ணுக்குள் புகும் மிகையான ஒளியை உறிஞ்சுவது மெலனின். அது இல்லாத கண் கூசும், பார்வையும் மங்கலாக இருக்கும். போதாததற்கு இது இரவில் இரை பிடிக்கும் பிராணி. மண்ணுக்குள் பாதி புதைந்து, இரை அருகே வரும்வரை காத்திருக்கும் வகை. அதன் தலைக்கு மேல் இரவு பகலாக விளக்கு எரிந்தால் எப்படிச் சாப்பிடும்?

பகலில் பத்துப் பன்னிரண்டு மணிநேரம் மங்கலான எல்ஈடி வெளிச்சம் போதும். இரவில் முழு இருட்டு வேண்டும். சிவப்பு விளக்கும் தேவையில்லை. ஒளிந்துகொள்ள இலைகளோ ஒரு மறைவிடமோ இருக்க வேண்டும். புறஊதா விளக்கு பற்றி வளர்ப்பவர்களிடையே இருவேறு கருத்துகள் உண்டு. தீனியோடு விற்றமின் டி3 ஒழுங்காகக் கிடைத்தால், அல்பினோவுக்கு அந்த விளக்கு இல்லாமல் விடுவதே நல்லது என்பது என் எண்ணம். யன்னலோரம் வைத்தாலும் பயனில்லை. டி3 உருவாகத் தேவையான கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். தொட்டி சூடாவதுதான் மிச்சம்.

வெளிச்சத்தையும் சூட்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. இதற்கு 24 முதல் 28 பாகை செல்சியஸ் வரையான வெப்பம் வேண்டும். கொழும்பில் என்றால் அறை வெப்பமே போதும். ஸ்கார்பரோ குளிருக்கு, தொட்டியின் பக்கச் சுவரில் ஒட்டும் சூட்டுத் தகடும் வெப்பக் கட்டுப்படுத்தியும் தேவை. தகட்டை அடியில் வைத்தால், சூடு தாங்காமல் மண்ணுக்குள் போகும் தவளை இன்னும் சூடான இடத்துக்கே போய்ச் சேரும். அடியில் பரப்புவது ஈரமான தும்புத்தூள். அவர்கள் வாங்கிய பொதியில் 'இலங்கைத் தயாரிப்பு' என்று இருந்ததாக அக்கா சிரித்தார்.

இனித் தீனி. குட்டிக்குத் தினமும் அல்லது ஒன்றுவிட்ட ஒருநாள் சிறிய சில்வண்டுகளோ மண்புழுத் துண்டுகளோ கொடுக்கலாம். தவளையின் இரு கண்களுக்கும் இடைப்பட்ட அகலத்தை விட இரை பெரிதாக இருக்கக் கூடாது. சில்வண்டில் பொஸ்பரஸ் அதிகம், கல்சியம் குறைவு. அதையே வெறுமனே கொடுத்துவந்தால் வளரும் எலும்பு மெலிந்து வளைந்துவிடும். எனவே சில்வண்டுகளுக்கு முதல் நாளே கீரையும் கரட்டும் கொடுத்து, பிறகு டி3 கலந்த கல்சியத் தூளில் புரட்டிப் போட வேண்டும். வாரத்தில் ஒரு முறை பல்விற்றமின் தூள். விற்றமின் ஏ குறைந்தால் தவளையின் நாக்கில் இரை ஒட்டாமல் போவதும் உண்டு. சாப்பிட மறுக்கிறது என்று நாம் நினைப்போம். உண்மையில் அது முயன்று தோற்றுக்கொண்டிருக்கும். எலிக்குஞ்சு கொடுத்தால் சீக்கிரம் வளரும் என்று கடைகளில் சொல்வார்கள். கேட்காதீர்கள், கொழுப்புத்தான் சேரும்.

பார்வை மங்கலான அல்பினோ இரையைத் தவறவிட்டுத் தும்புத்தூளை விழுங்கிவிடலாம். அது குடலை அடைத்துக்கொள்ளும். இருட்டிய பிறகு, முனை மழுங்கிய நீண்ட சாமணத்தால் இரையைப் பிடித்து வாய்க்கு முன் மெல்ல அசைத்துக் காட்டுவது பாதுகாப்பானது. விரலால் கொடுக்க வேண்டாம், கடிக்கும். எஞ்சிய சில்வண்டுகளை எடுத்துவிட வேண்டும், அவை தவளையின் தோலைக் கடிக்கும். குழாய்த் தண்ணீரை, அதிலுள்ள குளோரினை நீக்கும் மருந்து சேர்த்த பிறகே ஊற்ற வேண்டும்.

விளக்கை மாற்றிய பிறகும் சில நாட்கள் அது எதையும் தொடவில்லை. ஒரு வாரத்துக்கு மேல் போனால் ஊர்வனவும் தவளைகளும் பார்க்கும் மிருக வைத்தியரிடம் கொண்டுபோகும்படி அக்காவிடம் சொல்லியிருந்தேன். ஐந்தாம் நாள் இங்கே விடியும் நேரத்தில் மருமகனின் குரல்பதிவு வந்தது. அறை விளக்கையும் அணைத்துவிட்டுப் பதிவு செய்திருக்கிறான்போல, கிசுகிசுத்துக்கொண்டிருந்தான்: "சின்னம்மா, ரெண்டு சாப்பிட்டிட்டுது. மூண்டாவதையும் பார்த்துக்கொண்டிருக்குது."