செட்டிநாட்டுப் பேரேடும் அரசின் வரி மன்னிப்பும்

வரலாறு என்றவுடன் போர்களும் முடிசூட்டு விழாக்களுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆயினும் ஓர் அரசின் இயல்பை உள்ளபடி அறிய விரும்புவோர் அதன் போர்க்களத்தை நோக்குவதைவிடக் கருவூலத்தை நோக்குவதே நலம். மக்களுள் யார் வரி கொடுத்தார்கள், யார் கொடுக்கத் தவறினார்கள், தவறியவர்களை அரசு எவ்வாறு நடத்தியது என்னும் மூன்று வினாக்களுக்கு விடை கிடைத்தால், அந்த அரசின் வலிமையும் வலிவின்மையும் ஒருங்கே விளங்கிவிடும். இவற்றுள் மூன்றாவது வினாவையே இன்றைய பேச்சுக்குப் பொருளாக நான் எடுத்துக்கொண்டிருக்கிறேன். செலுத்தத் தவறிய வரியை அரசே முன்வந்து மன்னிப்பது அறமா, அரச தந்திரமா, அல்லது இயலாமையா?

இவ்வினா நமக்குப் புதியதன்று. தொண்டை நாட்டு உக்கலில் முதலாம் இராசராசனுடைய கல்வெட்டு ஒன்று உண்டு. நிலவரி செலுத்தாமல் நிலுவை வைத்தவர்களின் நிலங்களை ஊரார் எடுத்து விற்கலாம் என்று மன்னன் இட்ட ஆணையை அது கூறுகிறது. அங்கே மன்னிப்பு என்னும் பேச்சுக்கே இடமில்லை. அவனுக்குப் பின் 1070-ஆம் ஆண்டில் அரியணை ஏறிய முதலாம் குலோத்துங்கனோ 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று பெயர் பெற்றான். சுங்கத்தைத் தவிர்த்தது மன்னிப்பாகாது என்பதை மாணவர்கள் உற்றுநோக்க வேண்டும். ஒரு வரியையே நீக்கிவிட்டால் அதனால் எல்லோரும் ஒருபடித்தாகப் பயன் பெறுகிறார்கள். மன்னிப்போ கொடுத்தவனை விட்டுவிட்டுக் கொடாதவனுக்கு மட்டும் பயன் தருவது. ஆங்கிலேயர் ஆட்சியில் சென்னை மாகாணத்து உழவர்கள் நன்கறிந்த 'வஜா' என்பது இவ்விரண்டிலும் சேராது. மழை பொய்த்துப் பயிர் கருகிய ஆண்டில், விளைவின்மையைக் கண்டறிந்து நிலத்தீர்வையைத் தள்ளிக்கொடுத்ததே வஜா. இயலாதவனுக்கு இரங்குவது வேறு, இயன்றும் மறைத்தவனை மன்னிப்பது வேறு. இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டு மேலே செல்வோம்.

இப்பொருளை ஆராய்வதற்குச் செட்டிநாட்டைப் போல் ஏற்ற இடம் வேறில்லை என்பது என் கருத்து. காரைக்குடியும் அதனைச் சூழ்ந்த ஊர்களும் இன்று சிவகங்கை மாவட்டத்தில் பெரும்பாலும் அடங்கியுள்ளன. அங்கு வாழும் நகரத்தார், அரசு வருமான வரி கேட்பதற்கு நெடுங்காலம் முன்னரே தமக்குத் தாமே வரி விதித்துக்கொண்டவர்கள். இளையாற்றங்குடி, மாற்றூர், வயிரவன்பட்டி, இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி என்னும் ஒன்பது கோயில்களே அவர்தம் சமூக அமைப்புக்கு அடிப்படை. மணம் முடித்த தம்பதியர் கோயிற் கணக்கில் ஒரு 'புள்ளி'யாக ஏறுவர். புள்ளிக்கு இவ்வளவு என்று தண்டுவது புள்ளிவரி. செல்வத்தின் அளவுக்கு ஏற்பத் தண்டுவது ஆஸ்திவரி. வாணிபத்தில் ஒரு சிறு பங்கை அறத்துக்கென ஒதுக்குவது மகமை. தலைவரி, சொத்துவரி, வாணிபவரி என்று இக்காலப் பொருளியல் நூல்கள் வகுத்துரைக்கும் மூன்றும் அங்கே முன்பே வழக்கில் இருந்தன. புள்ளியாக எண்ணப்படுவதே ஒருவனுக்குப் பெருமை. ஆதலால் வரி சுமையாகத் தோன்றாமல் உறுப்புரிமையின் அடையாளமாகவே தோன்றிற்று.

கணக்கெழுதுவதிலும் அவர்கள் கைதேர்ந்தவர்கள். 'ஆற்றில் போட்டாலும் அளந்து போடு' என்னும் பழமொழிக்கு அவர்களுடைய பெட்டியடிகளே இலக்கணம். பர்மா, இலங்கை, மலாயா முதலிய நாடுகளில் கொடுக்கல் வாங்கல் நடத்திய அவர்கள், அங்குள்ள கடைகளை மூன்றாண்டுத் தவணைக்கு அனுப்பப்பெற்ற ஆட்களிடம் ஒப்படைத்தார்கள். கடலுக்கு அப்பாலிருந்த கடையின் நிலையைச் செட்டிநாட்டு வீட்டிலிருந்த முதலாளி அறிந்துகொண்டது, குறிப்பேட்டையும் பேரேட்டையும் ஐந்தொகையையும் கொண்டேயாகும். கணக்கில் ஐயம் ஏற்பட்டால் தொழிலே நில்லாது.

இத்தகையோருக்கும் வருமான வரி அலுவலகத்துக்கும் இடையே நீண்டகால வழக்கு எவ்வாறு மூண்டது? இந்தியாவில் வருமான வரியை 1860-இல் புகுத்தியவர் ஜேம்ஸ் வில்சன். 1857-ஆம் ஆண்டுப் பெருங்கிளர்ச்சியால் வெறுமையுற்ற கருவூலத்தை நிரப்புவதே அதன் நோக்கம். பின்னர் 1922-ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. வெளிநாட்டு வாணிபத்தில் கிட்டிய இலாபம் பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் கொண்டுவரப்பட்டால் அதற்கு வரியுண்டு என்பது அச்சட்டத்தின் விதிகளுள் ஒன்று. இரங்கூனிலிருந்து வந்த பணம் முதலா, இலாபமா? முதலாயின் வரியில்லை, இலாபமாயின் வரியுண்டு. இந்த ஒரு வினாவே எத்தனையோ வழக்குகளுக்கு வித்தாயிற்று. அக்காலச் சென்னை உயர் நீதிமன்றத்தின் வருமான வரித் தீர்ப்புகளைப் புரட்டுவோர், செட்டிநாட்டு விலாசங்களின் தலைப்பெழுத்துக்களை மீண்டும் மீண்டும் காண்பார்கள். 1937-இல் பர்மா இந்தியாவினின்றும் பிரிக்கப்பட்டது. 1942-இல் ஜப்பானியர் இரங்கூனைக் கைப்பற்றினர். நிலங்களும் கடைகளும் மட்டுமல்லாமல் கணக்குப் புத்தகங்களும் பல இடங்களில் அங்கேயே நின்றுவிட்டன. மறைப்பதற்கு ஏதுமின்றி இழந்தோரும் இருந்தனர். இழப்பின் நிழலில் மறைத்தோரும் இருந்திருக்கலாம். இருவரையும் பிரித்தறிவது எந்த அதிகாரிக்கும் எளிதன்று.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இந்தியாவெங்கும் கள்ளச் சந்தை பெருகிற்று. மறைக்கப்பட்ட வருமானத்தை வெளிக்கொணர 1947-இல் ஒரு விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. முன்னாள் நீதிபதி எஸ். வரதாச்சாரியார் அதன் தலைவர். அச்சுறுத்தி அறியும் அந்த வழி மெதுவாகவே நகர்ந்தது. ஆகவே 1951-இல், நிதித் துறையில் மகாவீர் தியாகி பொறுப்பு வகித்த காலத்தில், தாமே முன்வந்து கூறுவோருக்குச் சலுகை காட்டும் முதல் திட்டம் வந்தது. ஏறக்குறைய 70 கோடி ரூபாய் வெளிவந்தது. அரசுக்குக் கிடைத்த வரியோ 11 கோடிக்கும் குறைவு.

இதன்பின் வந்த வரலாற்றில் ஒரு வியப்பைக் காண்கிறோம். அடுத்தடுத்து வந்த பெரிய மன்னிப்புத் திட்டங்கள் பலவற்றின்போது நிதியமைச்சராக இருந்தவர்கள் தமிழர்களே. 1965-இல் டி. டி. கிருஷ்ணமாச்சாரி காலத்தில் 'அறுபது-நாற்பது' திட்டம் வந்தது. மறைத்த வருமானத்தில் நூற்றுக்கு அறுபது அரசுக்கு, நாற்பது உடையவனுக்கு என்பதால் அப்பெயர். வெளிவந்த தொகை சுமார் 52 கோடி. அதே ஆண்டில் வரி விகிதத்தைத் தளர்த்தி அறிவித்த இன்னொரு திட்டத்தில் சுமார் 145 கோடி வெளிவந்தும், கிடைத்த வரி 20 கோடியை எட்டவில்லை. 1971-இல் அறிக்கை தந்த வாஞ்சூ குழு இத்தகைய திட்டங்கள் இனி வேண்டா என்றது. நான்கே ஆண்டுகளில், நெருக்கடி நிலைக் காலத்தில், சி. சுப்பிரமணியம் நிதியமைச்சராயிருந்தபோது அடுத்த திட்டம் வந்தது. 1981-இல் ஆர். வெங்கட்ராமன் காலத்தில் வந்தவை விசேஷப் பத்திரங்கள். 10,000 ரூபாய்ப் பத்திரம் பத்தாண்டு கழித்து 12,000 ரூபாயாகத் திரும்பும். வாங்கியவனிடம் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்பதில்லை. உச்ச நீதிமன்றம் அதைப் பெரும்பான்மைத் தீர்ப்பால் செல்லுமென்றது. நீதிபதி ஏ. சி. குப்தா ஒருவர் மட்டும் மாறுபட்டார்.

இவ்வரிசையில் பெரியது 1997-ஆம் ஆண்டின் தன்னார்வ வருமான வெளியீட்டுத் திட்டம். அதைக் கொணர்ந்த நிதியமைச்சர் ப. சிதம்பரம், செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் பிறந்தவர். அப்போது சிவகங்கைத் தொகுதியின் மக்களவை உறுப்பினர். அவ்வாண்டு வரவு செலவுத் திட்டத்தில் தனிமனிதருக்கான உச்ச வருமான வரி விகிதம் 40 விழுக்காட்டிலிருந்து 30 ஆகக் குறைந்தது. முன்னொரு காலத்தில், 1970-களின் தொடக்கத்தில், மேல்வரியும் சேர்ந்து அவ்விகிதம் 97.75 விழுக்காடு வரை சென்றிருந்தது. நூறு ரூபாயில் இரண்டேகால் ரூபாயை மட்டும் ஈட்டியவனுக்கு விட்டுவைத்த சட்டம் மறைப்பை வளர்த்ததில் வியப்பில்லை. விகிதம் நியாயமாகிவிட்டது, இனி மறைக்கக் காரணமில்லை, பழைய கணக்கை ஒருமுறை துடைத்துவிட்டுப் புதுப்பேரேடு தொடங்குவோம் என்பதே திட்டத்தின் உட்கருத்து. சூலை முதல் நாள் தொடங்கி டிசம்பர் 31 வரை அது நடந்தது. தனிமனிதர் 30 விழுக்காடும், நிறுவனங்களும் கூட்டு வாணிபத்தாரும் 35 விழுக்காடும் செலுத்தினால் வட்டியில்லை, தண்டமில்லை, வழக்கில்லை. ஏறக்குறைய 4.75 லட்சம் பேர் சுமார் 33,700 கோடி ரூபாயை வெளியிட்டனர். 9,700 கோடிக்கு மேல் வரி கிடைத்தது.

ஆயினும் கணக்குத் தணிக்கைத் தலைவர் பின்னர் குறை கண்டார். 1987 ஏப்ரல் முதல் நாளுக்கு முன் வாங்கிய நகையையும் வெள்ளியையும் அந்நாளைய விலைக்கே மதிப்பிட விதி இடந்தந்தது. பத்தாண்டுக்கு முந்திய விலையில் கணக்கிட்டால் வரி சுருங்குமன்றோ? நேற்று வாங்கிய பொருளையும் பழம்பொருளென்று எழுதும் ஆசை பிறக்குமன்றோ? மேலும், இனி இத்தகைய திட்டம் வராது என்று அரசு உச்ச நீதிமன்றத்தில் உறுதி கூறியது. ஆனால் மறு ஆண்டே, 1998-இல், வரி வழக்குகளையும் நிலுவைகளையும் தீர்க்கும் 'கர் விவாத் சமாதான்' வந்தது. 2016-இல் மறைத்த வருமானத்தை 45 விழுக்காடு செலுத்தி வெளியிடும் திட்டமும் வந்தது.

இரு பக்க வாதங்களையும் எடைபோடுவோம். மன்னிப்பை ஆதரிப்போர், வழக்கில் முடங்கிக் கிடக்கும் நூறு ரூபாயினும் கைக்கு வரும் முப்பது ரூபாய் மேல் என்பர். அதில் உண்மை உண்டு. வராக் கடனைப் பேரேட்டில் சுமந்து திரிவதில் பயனில்லை என்பதை எந்த வட்டிக்கடைக்காரரும் ஒப்புவர். ஆனால் அவர் ஒருமுறை கழித்தது போல் ஆண்டுதோறும் கழித்துக்கொண்டிருந்தால், கடன் வாங்குவோர் அனைவரும் கழிவு நாளுக்காகக் காத்திருப்பர். நாணயமாகத் தவணைதோறும் செலுத்தியவனோ தன்னையே நொந்துகொள்வான். இந்த நோவே மன்னிப்பின் உண்மையான விலை. அது எந்த வரவு செலவுத் திட்டத்திலும் எழுதப்படுவதில்லை.

ஆகவே எல்லா மன்னிப்பையும் நான் ஒன்றாக வைத்து இகழமாட்டேன். தமிழ்நாட்டரசு 2023-இல் கொணர்ந்த வணிகவரிச் சமாதானத் திட்டத்தில், 50,000 ரூபாய்க்கு உட்பட்ட பழைய நிலுவைகள் முற்றிலும் தள்ளுபடி செய்யப்பட்டன. பெரிய நிலுவையுடையோர் ஒரு பகுதியைச் செலுத்தித் தீர்த்துக்கொள்ள வழி வகுக்கப்பட்டது. சரக்கு சேவை வரி வந்தபின் வழக்கொழிந்த சட்டங்களின் கீழ் நின்ற பாக்கிகள் அவை. சிறு கடைக்காரர் மீது நின்ற அத்தகைய பாக்கியைத் தீர்ப்பது பழைய வஜாவுக்கு உறவுடையது. மறைத்து வைத்த பெருஞ்செல்வத்தைக் குறைந்த விலைக்கு வெளுத்துக் கொடுப்பது அதற்கு உறவாகாது.

மாணவ நேயர்களே, புள்ளிவரி தந்த மனிதன் தன் பணம் எங்கே செல்கிறதென்பதைக் கோயிலில் கண்ணாரக் கண்டான். தன் பக்கத்துப் புள்ளியும் தந்தான் என்பதை அறிந்திருந்தான். இவ்விரண்டையும் தன் குடிமக்களுக்குக் காட்ட வல்ல அரசுக்கு மன்னிப்புத் திட்டம் அடிக்கடி தேவைப்படாது. காட்ட இயலாத அரசு எத்தனை முறை மன்னித்தாலும், பேரேட்டின் நிலுவைப் பக்கம் மறுபடியும் நிரம்பிக்கொண்டேயிருக்கும்.