சுறாவும் மகரமும்: ஓய்மாநாட்டுக் கரையும் தளவானூர்க் குடைவரையும்

முன்னுரை

ஆழ்கடலில் உறங்கும் பேருயிர் விழித்தெழுந்து கலங்களை விழுங்குவது அறிவியல் புனைவுப் படக்கதைகளில் நிலைபெற்றுவிட்ட கருக்களுள் ஒன்று. அவ்வுயிர்களின் உருவத்தை நோக்கின், அவை பெரும்பாலும் முற்றிலும் புதிய படைப்புகள் அல்ல. அறிந்த விலங்குகளின் உறுப்புகளைப் பிரித்தெடுத்து இணைத்தவை. இம்முறை படக்கதைக்கு மிக முற்பட்டது. விழுப்புரம் மாவட்டத் தளவானூரில், 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், கல்லில் செதுக்கப்பட்ட மகரம் அதற்கு ஒரு சான்று. ஆனால், இதே நிலப்பகுதியின் கடற்கரையைப் பாடிய சிறுபாணாற்றுப்படையில் அத்தகைய விலங்கு தோன்றவில்லை. கரையும் மலையும் கடலை வேறுவேறாகக் கண்டமைக்கான காரணத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

எயிற்பட்டினத்துக் கரை

ஓய்மாநாட்டு நல்லியக்கோடனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்டது சிறுபாணாற்றுப்படை. அதில் இடம்பெறும் கிடங்கில் இன்று திண்டிவனம் நகரின் ஒரு பகுதியாக உள்ளது. எயிற்பட்டினத்தை அதன் கிழக்கே உள்ள மரக்காணத்தோடு ஆய்வாளர் பலர் பொருத்துவர். நூலாசிரியர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். இடைக்கழிநாடு மரக்காணத்திற்கு வடக்கே அமைந்த கரையோரப் பகுதி. ஆகவே, கடலைக் கேள்வியால் மட்டும் அறிந்த புலவராக இவரைக் கருத இயலாது.

எயிற்பட்டினத்தில் அலைகள் ஒதுக்கிய மணமுள்ள மரங்கள் கரையில் கிடக்கின்றன. அவற்றின் தோற்றத்திற்குப் புலவர் கூறும் உவமை, படுத்துறங்கும் ஒட்டகம். இவ்வுவமை கூர்ந்து நோக்கத்தக்கது. கடல் கொணர்ந்த பெரிய, அறிமுகமற்ற உருவத்தை விளக்கக் கடல்விலங்கு எதுவும் துணைக்கு அழைக்கப்படவில்லை. தொலைநிலத்து விலங்கு ஒன்றே அழைக்கப்படுகிறது. அதன்பின் அவ்வுருவத்திற்கு நேர்வது இன்னும் சுவையானது. நுளைமகள் அதனை விறகாக்கிக் கள் காய்ச்சுகிறாள். பாணர்க்குக் கள்ளோடு சுட்ட குழல்மீனும் கிடைக்கிறது. வியப்புக்குரிய பொருள் சில அடிகளுக்குள் அடுப்பைச் சேர்ந்துவிடுகிறது.

புண்ணும் கோடும்

நெய்தல் நிலத்தார் கடலுக்கு அஞ்சவில்லை என்பது இதன் பொருளன்று. சங்கப் பாடல்களில் சுறா கொடியது, வலையைக் கிழிப்பது, ஆளைத் தாக்குவது. எனினும் அந்த அச்சத்திற்கு ஓர் அளவு உண்டு. குறுந்தொகை 269ஆம் பாடலில், சுறா தாக்கிய புண் ஆறியதும் தலைவியின் தந்தை மீண்டும் கடலுக்குச் செல்கிறார். தாய் உப்பை விற்று நெல் பெற உப்பளத்திற்குச் செல்கிறாள். இருவரின் செலவும் ஒரே தொனியில் சொல்லப்படுகின்றன. தொழிலில் நேர்ந்த காயம் என்பதற்கு மேலான இடம் சுறாவுக்கு அங்கு இல்லை.

பட்டினப்பாலை இதற்கு வேறொரு கோணம் தருகிறது. காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் சினைச்சுறவின் கோட்டை நட்டு, அதில் உறையும் தெய்வத்தை வழிபடுகின்றனர். சுறாவுக்குக் கோடு ஏது என்னும் ஐயம் இங்கு எழும். கடல் வழக்கில் வேளா எனப்படும் மீனின் முகத்தில், இருமருங்கும் பற்கள் அமைந்த, வாள் போன்ற நீண்ட அலகு உண்டு. உயிரியல் வகைப்பாட்டில் வேளா சுறாவன்று, திருக்கையினத்தைச் சார்ந்தது. ஆயினும் உடலமைப்பால் சுறாவையே ஒக்கும். பாடல் குறிக்கும் கோடு வேளாவின் அலகே எனக் கொள்வது பொருத்தமானது. நிலத்தில் நட்டு நிறுத்தத்தக்க நீளமும் உறுதியும் அதற்கு உண்டு. அவ்வாறாயின், கொம்புடைய சுறா என்பது கற்பனை விலங்கன்று. பரதவர் கையில் பிடித்துப் பார்த்த பொருள்.

தளவானூர் மகரம்

தளவானூர்க் குடைவரை முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்தது. அவனது சத்துருமல்லன் என்னும் பட்டப்பெயரால் இது சத்துருமல்லேசுவராலயம் எனப் பெயர் பெற்றது. முகப்பின் நடுத்தூண்கள் இரண்டிற்கும் இடையே மகரதோரணம் செதுக்கப்பட்டுள்ளது. இதே மாவட்டத்து மண்டகப்பட்டில் அம்மன்னன் குடைவித்த, செங்கல், மரம், உலோகம், சுண்ணம் ஆகியவை இன்றி அமைத்ததாகக் கல்வெட்டுக் கூறும் குடைவரையின் எளிய முகப்போடு ஒப்பிட்டால் இத்தோரணத்தின் அருமை விளங்கும். வாயிலில் தழையாலும் மலராலும் மரத்தாலும் அமைத்துவந்த அணி இங்குக் கல்லாகியிருக்கிறது.

மகரத்தின் உருவம் பொதுவாக முதலையின் தாடை, யானையின் துதிக்கையை ஒத்த மூக்கு, மீனின் உடல், இலைக்கொடியாய்ச் சுருளும் வால் என அமையும். பீகாரின் பராபர் மலையிலுள்ள லோமச ரிஷி குகை வாயிலிலும், பார்குத்திலும், அமராவதியிலும் இவ்வுருவின் முந்தைய நிலைகள் உள்ளன. கங்கைக்கும் வருணனுக்கும் ஊர்தி என்பதால் இது கடலுக்கே உரியதும் அன்று. ஆற்று முதலையின் சாயல் இதில் மிகுதி. பல்லவர் கடலறியாதவர் அல்லர். மாமல்லபுரத் துறை அவர்களுடையது. எனவே தளவானூர் மகரத்தைக் கடலைக் காணாத சிற்பியின் பிழையெனக் கருதுவது தவறு. அச்சிற்பி கடலைப் பார்த்துச் செதுக்கவில்லை. கலைமரபைப் பார்த்துச் செதுக்கினார். மகரத்தின் வேலை மீனைக் காட்டுவதன்று, வாயிலுக்கு மங்கலமும் காவலும் தருவது.

பெயர் மாற்றம்

இவ்விரு மரபுகளும் சொல்லில் சந்திக்கின்றன. பிங்கல நிகண்டு மகரத்திற்குச் சுறா எனப் பொருள் தருகிறது. காமனின் மகரக்கொடி தமிழில் சுறவக்கொடி ஆயிற்று. மகர ராசியை ஒட்டித் தை மாதத்திற்குத் தனித்தமிழ் அன்பர் வழங்கும் பெயரும் சுறவமே. பல விலங்குகளின் உறுப்பால் ஆன உருவுக்குப் பரதவர் வலையில் அகப்பட்ட மீனின் பெயர் வாய்த்தது.

திமிங்கிலம் என்னும் சொல் எதிர்த்திசையில் சென்றது. திமி என்னும் பெருமீனையும் விழுங்குவது திமிங்கிலம். அதனையும் விழுங்குவது திமிங்கிலகிலம். ஒன்றைவிடப் பெரியது மற்றொன்று என அடுக்கும் இவ்வுத்தியை இன்றைய படக்கதை ஓவியரும் கைவிடவில்லை. ஆயினும் திமிங்கிலம் இன்று பள்ளிப் பாடநூலில் இடம்பெறும் பாலூட்டியின் பெயர். புனைவு விலங்கு உயிரியலுக்குள் வந்துவிட்டது.

வேளாவுக்கு இதன் மறுதலை நேரக்கூடும். இந்தியக் கடலில் அது மிக அருகிவிட்டது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் வேளா இனங்கள் 2001இல் சேர்க்கப்பட்டன. பற்கள் நிறைந்த அலகு வலையில் எளிதில் சிக்குவது அதன் அழிவுக்கு ஒரு காரணம். அம்மீனைக் கண்டவர் கரையில் இல்லாதபோது, பட்டினப்பாலையின் சுறவுக்கோடு உரையாசிரியரின் விளக்கத்தை மட்டுமே நம்பி நிற்கும். பரதவர் நட்டு வழிபட்ட அலகைத் தளவானூர் மகரத்தின் துதிக்கையோடு சேர்த்துப் படிக்கும் வாசகரும் தோன்றலாம்.