ஸ்னாப்ஷாட் வழிக் காப்புப்பிரதி

ஸ்னாப்ஷாட் என்பது, ஒரு கோப்பு முறைமையின் குறிப்பிட்ட க்ஷணத்து நிலையை, தரவுகளைப் பிரதி செய்யாமலே நிலைநிறுத்தி வைக்கும் உபாயமாகும். பழைய பிளாக்குகளின் மேலேயே எழுதாது, மாறிய பகுதியைப் புதிய இடத்தில் எழுதிப் பழையதை அவ்வாறே விட்டுவைப்பதால், வட்டு எத்துணைப் பெரிதாயினும் இச்செயல் நொடிப்பொழுதில் முடிகிறது. பின்னர் மாறும் அளவுக்கே இடமும் செலவாகிறது.

நெட்ஆப் நிறுவனத்தை 1992இல் நிறுவிய டேவ் ஹிட்ஸ், ஜேம்ஸ் லா, மைக்கேல் மால்கம் ஆகிய மூவரும் வாஃபில் என்னும் தங்கள் கோப்பு முறைமையைப் பற்றி 1994இல் வெளியிட்ட கட்டுரை இம்முறையைப் பிரசித்தமாக்கிற்று. சன் நிறுவனத்தார் 2005இல் மூலநிரலைத் திறந்துவைத்த இசட்.எஃப்.எஸ். என்னும் கோப்பு முறைமை, ஒரு ஸ்னாப்ஷாட்டுக்கும் அடுத்ததற்கும் இடைப்பட்ட மாறுதல்களை மட்டும் வேறொரு கணினிக்கு அனுப்பும் வசதியையும் அளித்தது.

தரவுத்தளங்களின் விஷயத்திலேதான் மெய்யான சிரமம் தோன்றுகிறது. இயங்கிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்தின் மாறுதல்களில் ஒரு பங்கு எந்நேரமும் நினைவகத்திலேயே தங்கியிருப்பதால், முன்னேற்பாடின்றி எடுத்த ஸ்னாப்ஷாட், திடீரென மின்சாரம் நின்றபோது வட்டில் எஞ்சும் நிலையையே ஒக்கும். போஸ்ட்கிரஸ் என்னும் தரவுத்தளம், மாறுதல்களை முதலில் குறித்துவைக்கும் தன் முன்னெழுத்துப் பதிவேட்டைக் கொண்டு அந்நிலையிலிருந்து மீளவல்லது. ஆயின் தரவும் பதிவேடும் ஒரே க்ஷணத்தில் பிடிக்கப்பட்டிருத்தல் அவசியம். இரண்டும் வெவ்வேறு வட்டுகளில் இருக்க, தனித்தனியே ஸ்னாப்ஷாட் எடுப்பவர் பேராபத்தை வரவழைத்துக்கொள்கிறார். மெய்நிகர் இயந்திரங்களிலோ, உள்ளிருக்கும் முகவர் நிரல் கோப்பு முறைமையைச் சற்றே உறையச் செய்தபின் படம்பிடிப்பதே உசிதமான வழி. விண்டோஸ் சர்வர் 2003 முதல் வி.எஸ்.எஸ். என்னும் சேவை இதற்கென்றே அமைந்தது.

இவ்வரலாற்றில் பெங்களூருக்கும் ஒரு விசேஷமான பங்குண்டு. இசட்.எஃப்.எஸ்.ஸை ஆதாரமாகக் கொண்டு சேமிப்பக மென்பொருள் செய்த கிளவுட்பைட் இந்நகரில் தோன்றியதே. பின்னர் மாயாடேட்டா எனப் பெயர் கொண்ட அந்நிறுவனத்தார் 2017இல் தொடங்கிய ஓப்பன்.இ.பி.எஸ். என்னும் திறமூலத் திட்டம், 2019இல் கிளவுட் நேட்டிவ் கம்ப்யூட்டிங் அறக்கட்டளையில் சேர்ந்தது. அதன் சிஸ்டோர் பொறி, இசட்.எஃப்.எஸ். நிரலையே, கொள்கலன்களை நிர்வகிக்கும் குபர்நெட்டிஸ் சூழலுக்கு ஏற்பப் பயன்படுத்தியது. சேமிப்பக நிர்வாகி ஒருவரின் அதிகாரத்தில் மட்டும் இருந்த ஸ்னாப்ஷாட்டை, தரவுத்தளத்தை இயக்கும் நிரலாளரே கேட்டுப்பெறும் நிலை இத்தகைய முயற்சிகளால் உண்டாயிற்று. இதனை யான் மிகப் பெரிய அபிவிருத்தியாகவே கருதுகிறேன். குபர்நெட்டிஸிலும் இவ்வசதி 2020 டிசம்பரில் நிலைபெற்றது. மாயாடேட்டாவை 2021இல் டேட்டாகோர் நிறுவனம் வாங்கிக்கொண்டது.

மூலத்தரவு உள்ள வட்டிலேயே இருக்கும் ஸ்னாப்ஷாட் அவ்வட்டுடன் அழிந்துபோகும். ஆகவே அதனை வேறிடத்துக்கு அனுப்பி, அங்கிருந்து தரவுத்தளத்தை எழுப்பிப் பார்த்த பின்னரே காப்புப்பிரதி என்று கணக்கில் எழுதுமாறு நிர்வாகிகளை வேண்டிக்கொள்கிறோம்.