கமுந்திங்குக்கு வந்த வழியில் இலவச முகாம்கள்

கமுந்திங், தைப்பிங் வட்டாரத்து ரப்பர் தோட்டங்களுக்கு, ஆள்சேர்க்கும் கங்காணியோடு கப்பலேறி வந்த தமிழர்கள், வழியில் தங்கியதற்குக் கைக்காசு கொடுத்ததில்லை. ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் புறப்பாட்டு முகாம்கள் இருந்தன. கடல் கடந்தபின் பினாங்கை ஒட்டிய ஜெரெஜாக் தீவில் நோய்த்தடுப்பு முகாம். சோறு, கூரை, கப்பல் சீட்டு எல்லாம் இலவசம்.

கமுந்திங் முதலில் ஈயச் சுரங்கத்தின் ஊர். கமுந்திங் அடங்கிய லாருட் வட்டாரத்தில் சுரங்கங்களுக்காகச் சீனக் கூட்டங்கள் நடத்திய சண்டை 1874 பங்கோர் ஒப்பந்தத்தோடு ஓய்ந்தது. ரப்பர் பரவியது அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில். அதற்கு ஆள் தேவைப்பட்டது. ஒருவர் செலவழித்துக் கொண்டுவந்த ஆளைப் பக்கத்துத் தோட்டத்தார் இழுத்துக்கொள்வது தோட்டத் துரைமாருக்குப் பெரிய தலைவலி. அதைத் தீர்க்கப் பிறந்ததே 1907இன் குடியேற்ற நிதிச் சட்டம். ஒவ்வொரு முதலாளியும் தம்மிடம் வேலை செய்த இந்தியர்களின் வேலைநாள் கணக்குப்படி தீர்வை கட்டினார். பயணச் செலவும் முகாம் செலவும் அந்தப் பொதுப்பணத்திலிருந்து போயின. வந்து இறங்குபவர் தலையில் பயணக் கடன் இல்லை என்பது சட்டத்தின் நல்ல பக்கம். ஒப்பந்தக் கூலி முறையும் 1910இல் முடிந்தது. ஆனாலும் இதைத் தருமச் சத்திரத்தோடு சேர்த்து எண்ணக் கூடாது. ஆள்வரத்து பெருகப் பெருகக் கூலி உயராமல் நின்றது, செலவிட்ட பணம் முதலாளிக்கு அவ்வழியில் திரும்பியது.

கங்காணி தம் ஊருக்குப் போய் ஆள் சேர்த்து முகாமுக்கு அழைத்துவருவார். அங்கே மருத்துவச் சோதனை, அம்மைக் குத்து, அதிகாரியின் விசாரணை. கப்பல் வரும்வரை சாப்பாடு. விருப்பத்தோடுதான் போகிறாரா என்று கேட்பதும் அந்த விசாரணையில் அடக்கம். பிறகு மேல்தளப் பயணம். 1926இல் கட்டிய ‘ரஜுலா’ இந்த வழியில் பேர்பெற்ற கப்பல். அம்மையோ காலராவோ கப்பலில் தென்பட்டால் ஜெரெஜாக்கில் தங்கல் நீளும். தீவிலிருந்து விடுபட்டவர்கள் பிறை நிலையத்தில் ரயிலேறித் தைப்பிங் பக்கம் வந்து, தோட்டத்து லயங்களில் (வரிசை வீடுகளில்) குடியேறினார்கள்.

1930இன் ரப்பர் விலைவீழ்ச்சியில் ஆள்சேர்ப்பு நின்றது. வேலையிழந்தவர்களை ஊருக்குத் திருப்பியனுப்பவும் இதே நிதி செலவாயிற்று. 1938 ஜூனில் இப்படி நிதியுதவியோடு தொழிலாளர் போவதற்கு இந்திய அரசு தடை விதித்தது. மிஞ்சிய பணம் 1958இல் தென்னிந்தியத் தொழிலாளர் நிதியாக மாறியது. அந்த நிதி வாரியம் 1999இல் கலைக்கப்பட்டது.